நாலாவது வலயத்தில் பேரின்பநாதன்

ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு தொடக்கம் பேரின்பநாதன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம் மட்டுமே வீட்டில் இருந்தார், அதுவும் முன்புறப் புல்தரையில், தெளிப்பான் வீசும் தண்ணீருக்குள் நின்றபடி இருந்தார். மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே போகிறார் என்று கேட்டால் குழாய்க்குள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், மண்ணுக்குள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்; அவருடைய மனைவி நகுலேஸ்வரி மட்டும் ஒவ்வொரு நாளும் ஆறு பத்துக்குத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் எட்டாத தூரத்தில் வந்து நின்றாள்.

அவர்களுடைய தெரு டொரொன்டோவுக்குக் கிழக்கே, சோளக் காணிகளைத் துண்டு போட்டு எழுப்பிய ஒரு குடியிருப்பில் இருந்தது, ஒரு வீட்டைப் போலவே மற்ற வீடும் இருந்ததால் புதிதாக வருகிறவர்கள் பேரின்பநாதனுடைய புல்லை வைத்துத்தான் தெருவை அடையாளம் பிடித்தார்கள். இளவயதில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர் அவர். வந்த நாட்டில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்று ஓய்வு பெற்றதும், வீட்டுக் காணியை வர்ணப் பென்சிலால் படமாக வரைந்து, இரண்டு கோடைகாலம் தன் கையாலேயே வாய்க்கால் கிண்டி, கறுப்புக் குழாய் புதைத்து, பின்னுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று என்று காணியை நாலு வலயமாகப் பிரித்து, அந்தந்த நேரத்துக்குத் தரைக்குள்ளிருந்து தலை நீட்டித் தண்ணீர் வீசுகிற ஒரு முழு ஒழுங்கைச் செய்து முடித்திருந்தார். ஊரெல்லாம் ஸ்பிரிங்ளர் என்றும் சோன் என்றும் சொல்ல, அவர் தெளிப்பான் என்றும் வலயம் என்றும் சொன்னார், சொல்லாதவர்களைத் திருத்தினார். பிள்ளைகள் இல்லாத வீடு. புல்லின் மேல் கதிரை போட நகுலேஸ்வரிக்கு முப்பத்துநாலு வருடக் கலியாணத்தில் ஒரு தடவையும் அனுமதி கிடைத்ததில்லை.

அதனால்தான் அவளுடைய தம்பியின் மகளுக்குக் கலியாண எழுத்து நிச்சயமாகி, தம்பி குடியிருந்த நெருக்கமான வீட்டில் முற்றமே இல்லாததால் படம் எடுக்கிறதை இந்தப் புல்லில் வைப்போம் என்று எல்லாரும் கேட்டபோது, அவர் மூன்று நாள் யோசித்துச் சம்மதித்ததை அவள் பெரிய காரியமாக நினைத்தாள். எழுத்து நாளில் தண்ணீர் வராதபடி, தெளிப்பான்களை இயக்குகிற, கராஜுக்குள் இருக்கும் பெட்டியில் நேரத்தை மாற்றியும் வைத்தார். ஆனால் அன்று காலையில் பத்து நிமிடம் மின்சாரம் நின்று வந்ததில் பெட்டி தன் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. பின்னேரம் ஆறு பத்துக்கு, பட்டும் வேட்டியுமாகப் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்த நேரம், அவர்களுடைய கால்களுக்கு நடுவே சீறிக்கொண்டு நாலாவது வலயம் எழும்பியது.

மாப்பிள்ளையின் தாய் புவனமணி மாம்பழ நிறப் பட்டோடு அலறிக்கொண்டு ஓட, படமெடுக்கிறவர் கமராவை வயிற்றுக்குள் மறைக்க, பேரின்பநாதன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார். அவர் வால்வைப் பூட்டப் போகிறார் என்றுதான் பலகாரத் தட்டோடு வாசலில் நின்ற நகுலேஸ்வரி நினைத்தாள். அவர் வால்வுப் பக்கம் போகவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆட்களைக் கரைப்பக்கம் ஒதுக்கினார். “மிதியாதேங்கோ, ஈரத்தில மிதிச்சால் பள்ளம் விழும்,” என்றார். சம்பந்தியம்மாவைப் பார்த்தே சொன்னார்.

நகுலேஸ்வரி சத்தம் போடவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காத குரலில், ஆனால் சொல்லில் ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்:

“உங்களை நான் இண்டையோட தண்ணி தெளிச்சு விட்டாச்சு.”

எத்தனையோ தாய்மார் குடிகாரப் பிள்ளையைப் பற்றியும், எத்தனையோ தமக்கைமார் சொல்வழி கேளாத தம்பியைப் பற்றியும் சொல்லுகிற சொல்தான் அது, ஆனால் அவர்கள் சொல்லுகிற நேரத்தில் உண்மையாகவே ஒரு தண்ணீர் அந்த ஆளின் மேல் தெளிபட்டுக்கொண்டு இருப்பதில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் தண்ணீர் நின்றது. புல்லோரத்தில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது, அவர் இல்லை. அடுத்த நாள் ஆறு பத்துக்குத் தண்ணீர் வந்தபோது, வீசின தண்ணீர் ஓரிடத்தில் விழாமல் எதிலோ பட்டுத் தெறித்து வழிந்தது, வழிந்ததைப் பார்க்கப் பார்க்க இரண்டு தோளும், விரிந்த காதும், கொஞ்சம் கூனின முதுகும், மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் தெரிந்தன.

பொலிசுக்குத் தம்பிதான் அறிவித்தான். வந்த இரண்டு பேரில் ஒரு பெண் அதிகாரி பன்னிரண்டு நிமிடமும் பொறுமையாக நின்று பார்த்து, ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்துக்கு வீட்டில் இருக்கிற ஒருவரைக் காணாமல் போனவர் என்று தன்னால் பதிய முடியாது என்று விளங்கப்படுத்தி, குறிப்புப் புத்தகத்தை மூடினாள். விட்டுவந்த ஊரில், காணாமல் போனவர்களுடைய படங்களைப் பிடித்துக்கொண்டு தெருவோரங்களில் இருந்த பெண்களை நகுலேஸ்வரிக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் அவர் பெயர் ஏறாததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தண்ணீரைக் கூடுதலான நேரம் திறந்து பார்த்தார்கள், ஒரு நாளில் எத்தனை தரம் திறந்தாலும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் அவர் நிற்கவில்லை. ஒருவர் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தார், புல்தான் நனைந்தது.

பிறகு ஊர் அதற்குப் பழகியது. பேரின்பநாதன் தலைவராக இருந்த பழைய மாணவர் சங்கம் ஆவணி மாதக் கூட்டத்தை அந்தப் புல்லில் குடை பிடித்துக்கொண்டு நடத்தியது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தண்ணீருக்குள் ஒரு வலது கை உயர்ந்தது. தலைவர் நனைந்தபடி சமூகமளித்திருந்தார் என்று செயலாளர் எழுதிக்கொண்டார். நகுலேஸ்வரி பொட்டு வைக்கலாமோ என்று தங்களுக்குள் குசுகுசுத்த பெண்கள், புருஷன் பன்னிரண்டு நிமிடம் வந்து போகிற எத்தனையோ வீடுகளை எண்ணிப் பார்த்து, அதிலொன்றும் பிழையில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒன்றை விட்டு ஒரு நாள்தான் புல்லுக்குத் தண்ணீர் விடலாம் என்ற சட்டத்தோடு வந்த நகரசபைப் பொடியன், வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு, தாவரமல்லாத தேவைக்கான விசேட அனுமதி என்று ஒரு மஞ்சள் கடதாசி எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டு இத்தாலியர் டொனாட்டோ வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்து, புல்லைப் பற்றியும் தன் அத்தி மரத்தைப் பற்றியும் முன்பு கதைத்த மாதிரியே இத்தாலிய மொழியில் கதைத்தார். முன்பும் பேரின்பநாதனுக்கு அது விளங்கினதில்லை, தலையாட்டித்தான் கேட்டவர், இப்போதும் தண்ணீருக்குள் தலை ஆடியது.

எல்லாரும் பெட்டியின் பிழை என்றார்கள், மின்சாரம் நின்ற பிழை என்றார்கள். புவனமணி மட்டும் தன் சேலை நனைந்ததால் மனம் நொந்துதான் அந்த மனிதர் இப்படியானார் என்று நினைத்து, கிழமைக்கு ஒரு தடவை வந்து நகுலேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். நகுலேஸ்வரி அந்தக் கையை உதறவும் இல்லை, தான் சொன்ன சொல்லைச் சொல்லவும் இல்லை. அந்தச் சொல் வாய்க்குள் ஒரு கூழாங்கல் மாதிரிக் கிடந்தது, சாப்பிடும்போது அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள்.

புரட்டாதி முடிந்து மேப்பிள் இலைகள் சிவந்ததும் தெருவுக்குக் காத்தடிக்கிற ஜெகசோதி வந்தான். வண்டியின் பின்னால் பெரிய கொம்பிரசரைக் கொழுவிக்கொண்டு வந்து, நிலவறைக்குள் தண்ணீரைப் பூட்டி, சுவரோரத்துப் பித்தளை வாயில் குழாயைப் பொருத்தி, ஒவ்வொரு சோனாகக் காத்தை அனுப்பி, தெளிப்பான்கள் காறித் துப்பி, பிறகு மூடுபனி போன்ற புகாராகி, பிறகு வெறும் காத்தாகிச் சத்தம் அடங்கும் வரைக்கும் ஊதிவிடுவது அவன் தொழில். ஊதாமல் விட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் பனியில் உறைந்து பருத்துக் குழாயைப் பிளந்துவிடும், தெளிப்பானின் கழுத்தை முறித்துவிடும், இளவேனிலில் திறந்தால் மண்தான் பொங்கும்.

நகுலேஸ்வரி அவனை இரண்டு தடவை பிறகு வரச்சொல்லி அனுப்பினாள். மூன்றாந் தடவை அவன் போகாமல் நின்று, தண்ணீர் வந்து நிற்கும் வரைக்கும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

“அவர் இன்னும் சிலிர்க்கேல்லை, அக்கா.”

அவள் துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியெண்டால் என்ன என்று கேட்டாள். ஜெகசோதி சொன்னான். அவனுடைய ஊர்ப்பக்கத்தில் வைரவர் கோயில் வேள்விக்குப் பலி ஆடு விடுவார்களாம். மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களாம், தெளித்தால் ஆடு உடம்பைச் சிலிர்க்க வேண்டுமாம், சிலிர்த்தால் அது சம்மதித்துவிட்டது, பிறகு வெட்டுக்குப் போக வேண்டியதுதான், சிலிர்க்கும் வரைக்கும் ஒருவரும் அதில் கைவைக்க மாட்டார்களாம், சில ஆடுகள் பொழுது சாயும் வரைக்கும் சும்மா நின்று அசைபோடுமாம்.

“ஆடியில தெளிச்ச தண்ணி வெதுவெதுப்பு. அதுதான் நிக்கிறார் போல,” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், “ஆர் அக்கா தெளிச்சது?” என்று கேட்டான்.

“பெட்டி பிழைச்சுப் போச்சு,” என்றாள் அவள்.

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அவள் அவருடைய முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய தோளைப் பார்த்தாள், ஏனென்றால் ஒரு உடம்பு சிலிர்க்கத் தொடங்குவது தோளில்தான் என்று அவளுக்குப் பட்டது. நகரத்திலிருந்து வருகிற தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி குளிர்ந்துகொண்டு வந்தது, அவள் காலையில் முகம் கழுவும்போதே அன்றைக்குப் பின்னேரத்துக் குளிரை விரலால் அறிந்து பயந்தாள். ஜெகசோதியைக் கூப்பிட்டு, நிலவறையில் இருக்கிற கொதிநீர்த் தாங்கியை முன்புறக் குழாயோடு இணைத்துத் தரச்சொன்னாள். அவன் இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை என்று புறுபுறுத்துக்கொண்டே இணைத்தான். அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் தெருவில் ஆவி எழும்பியது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஆவிக்குள் கையை நீட்டிக் காய்ந்துகொண்டு போனார்கள், முழுத்தெருவும் மஞ்சளாகிய பிறகும் நாலாவது வலயத்துப் புல் பச்சையாக நின்றது. ஆனால் தாங்கியில் சுடுதண்ணீர் ஒன்பது நிமிடத்துக்குத்தான் கிடந்தது. பச்சைத் தண்ணீர் வருவதற்கு முன் அவள் வால்வைப் பூட்டினாள். மண் குளிரக் குளிர ஒன்பது எட்டாகியது, எட்டு ஆறாகியது. பன்னிரண்டு நிமிடப் புருஷன் ஆறு நிமிடப் புருஷனானார். குளிர்காலத்துக்கென்று மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றிய கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே நாலு மணிக்குத் திறந்த ஒரு நாளில், அவருடைய இடது தோள் இலேசாகத் துடித்தது போல் இருந்தது. அவள் விழுந்தடித்து ஓடி வால்வைப் பூட்டினாள், முழங்கால் உரசி இரத்தம் வந்தது, அன்றைக்கு அவர் இரண்டு நிமிடம்தான் நின்றிருந்தார்.

காலநிலை அறிவித்தவர்கள் வியாழன் இரவு பூச்சியத்துக்குக் கீழே எட்டு என்றார்கள். ஜெகசோதி தொலைபேசியில் கூப்பிட்டான். வியாழன் மூன்று மணிக்கு வருவதாகவும், அது தன்னுடைய கடைசி வேலை என்றும், அன்றைக்கும் ஊதாவிட்டால் வெள்ளி காலையில் நாலாம் சோன் என்று ஒன்று இருக்காது, அதற்குள் நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னான். ஊதினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அதுவும் தெரியாது என்றான்.

பழைய மாணவர் சங்கம் அவசரமாகக் கூடியது. புல்லின் மேல் கூடாரம் அடித்து, கலியாணங்களுக்கு வைக்கிற காஸ் அடுப்புகளை வைத்துச் சித்திரை வரைக்கும் சூடாக்கலாம் என்று தீர்மானம் வந்தது. தண்ணீருக்குள் வலது கை உயர்ந்தது. அடுப்பு வைத்தால் தெருவே எரிந்துபோகும் ஆகையால் கூடாது என்று எதிர்த் தீர்மானம் வந்தது. அதற்கும் அதே கை உயர்ந்தது. அவர் எந்தக் கூட்டத்திலும் எதையும் எதிர்த்தவர் அல்லர் என்று செயலாளர் நகுலேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

வியாழக்கிழமை கந்தசஷ்டியின் ஆறாம் நாள். மாலையில் கோயிலில் சூரன்போர், அதற்குப் போகிற சனமெல்லாம் போகும் வழியில் இங்கே வந்து நின்றது. தடித்த குளிர்ச் சட்டைகளுக்குக் கீழே பட்டுக் கரை தெரிந்தது, நெற்றியில் திருநீறு காய்ந்திருந்தது, ஆறு நாள் விரதக்காரரின் கண்கள் உள்ளே போயிருந்தன. டொனாட்டோ பனி பிடிக்காதபடி தன்னுடைய அத்தி மரத்தைச் சாய்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, கையில் சாக்குத் துணியோடு வேலியோரம் வந்து நின்றார். ஜெகசோதி கொம்பிரசரை முடுக்கினான். பின்பக்க வலயங்கள் இரண்டும் காறிக் காறித் துப்பி அடங்கின, பக்கத்து வலயம் ஒரு கிழவரைப் போல நீண்ட நேரம் இருமி அடங்கியது. அவன் அமுக்க மானியைப் பார்த்து ஐம்பதைத் தாண்டாமல் திருகைக் குறைத்து, மெசினை உறும விட்டுவிட்டு, நகுலேஸ்வரியைப் பார்த்தான். நாலாவதை அவள் சொல்லும்வரை தொடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தான்.

அவள் சுடுதண்ணீரைத் திறந்தாள். ஆவி எழும்பியது, ஆவிக்குள் அவர் நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டாவதும் போனது. அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைப்பதற்காகத் துவாயை மடித்து விரித்து மடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் புவனமணி விழுந்தாள். ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த விரதத்தையும் இந்த மனிதருக்காகவே நேர்ந்து பிடித்தவள், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வாகனம் விடுகிற பாதையில் மெல்லச் சரிந்தாள். அவளுடைய மனிசன் தலையைத் தாங்கிக்கொண்டு, “தண்ணி தெளியுங்கோ, முகத்தில தண்ணி தெளியுங்கோ,” என்றார். யாரோ காருக்குள் கிடந்த போத்தலை நீட்டினார்கள், அது பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்த தண்ணீர், அதை அவர் உள்ளங்கையில் வார்த்து அவள் முகத்தில் விசிறினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் விசிறினார். மூன்றாந் தடவை புவனமணியின் உடம்பு தோளில் தொடங்கிக் கால் வரைக்கும் ஒரு முறை சிலிர்த்தது, அவள் கண்ணைத் திறந்து, எழும்பி இருந்து, என்ன எல்லாரும் என்னைப் பார்க்கிறியள், என்ர கைப்பை எங்கை என்று கேட்டாள்.

நகுலேஸ்வரி அந்தச் சிலிர்ப்பைப் பார்த்தாள். தெளித்து விடுகிறதும் தண்ணீர்தான், தெளித்து எழுப்புகிறதும் அதே தண்ணீர்தான், போகச் சம்மதிக்கிற ஆட்டின் முதுகில் ஓடுகிற அந்த நடுக்கமும், மயக்கத்திலிருந்து திரும்பி வருகிற மனிசியின் தோளில் ஓடுகிற இந்த நடுக்கமும் வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றுதான், இத்தனை மாதமும் அவருக்குக் குளிரக்கூடாது குளிரக்கூடாது என்று சுடுதண்ணீரால் மூடி மூடி அவரைப் போகவும் விடாமல் வரவும் விடாமல் வைத்திருந்தது தான்தான் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் அவளுக்கு முன்னையிலும் அதிகமாகப் பயம் பிடித்தது. அவள் சுவரோரம் போய்ச் சுடுதண்ணீரின் திருகைப் பூட்டி, மற்றதைத் திறந்தாள்.

“என்ன செய்யிறியள் அக்கா, பச்சைத் தண்ணியெல்லே வரப்போகுது,” என்றான் ஜெகசோதி.

“வரட்டும்.”

“சிலிர்த்திடுவார்.”

அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். “பெட்டி பிழைக்கேல்லை,” என்றாள். “நான்தான் சொன்னனான். அண்டைக்கு வாசல்ல நிண்டு, உங்களைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு எண்டு சொன்னனான். பகிடிக்குச் சொல்லேல்லை.”

கொம்பிரசரின் உறுமலுக்கு மேலால் அது எல்லாருக்கும் கேட்டது. புவனமணி ஈர முகத்தோடு பாதையில் இருந்தபடியே, நான் இவ்வளவு நாளும் என்ர சேலையால எண்டெல்லோ நினைச்சனான் என்றாள், சொல்லும்போது அவள் குரலில் கோபமா ஆறுதலா என்று தெரியவில்லை. ஜெகசோதிதான் கிட்ட வந்து கேட்டான்.

“சிலிர்த்தார் எண்டால் அது எந்தப் பக்கத்துச் சிலிர்ப்பு எண்டு ஆருக்குத் தெரியும், அக்கா?”

“எனக்குத் தெரியாது, தம்பி. சிலிர்க்கிறது அவர்தானே. அவருக்குத் தெரியும்.”

ஆவி குறைந்துகொண்டு வந்தது. அவள் துவாயை வேலியில் போட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஆடி மாதம் தொடக்கம் ஒரு நாளும் கால் வைக்காத அந்தத் தண்ணீருக்குள் குளிர்ச் சட்டையோடு இறங்கினாள். தண்ணீர் ஊசி ஊசியாகக் குத்தியது. கிட்டப் போனபோதுதான், தூரத்திலிருந்து தெரியாத சின்னச் சின்ன இடங்கள், தாடை மடிப்பும் தொண்டை முடிச்சும், தண்ணீர் வழிகிற வழியில் தெரிந்தன. அவள் வீசுகிற தண்ணீரைக் கையில் ஏந்தினாள்.

“போறதெண்டால் போங்கோ,” என்றாள். “நான் சொன்னது சொன்னதுதான், அதை இல்லையெண்டு சொல்ல வரேல்லை. நிக்கிறதெண்டால் எழும்புங்கோ.”

முகம் இருந்த இடத்தில் தெளித்தாள். மறுபடியும் ஏந்தித் தெளித்தாள். விரல்கள் மரத்து, மூன்றாந் தடவை ஏந்தினது பாதி வழியிலேயே சிந்திப்போக, மிஞ்சினதைத் தெளித்தாள்.

அவர் சிலிர்த்தார். காதில் தொடங்கித் தோளுக்கு இறங்கி முதுகெல்லாம் ஓடின நடுக்கத்தில் அவரைச் சுற்றி வழிந்த தண்ணீர் தெறித்துச் சிதறியது, சிதறினது திரும்பி ஒன்று சேரவில்லை, அவர் நின்ற இடத்தில் மற்ற இடங்களில் விழுகிற மாதிரியே தண்ணீர் நேராக விழுந்தது. நகுலேஸ்வரிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. விரதக்காரப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். புல்லின் நுனிகளில் தண்ணீர் ஒட்டிக் கண்ணாடியாகத் தொடங்கியிருந்தது. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. ஜெகசோதி அவளையே பார்த்துக்கொண்டு, மெசினில் வைத்த கையை எடுக்காமல் நின்றான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். நகுலேஸ்வரி கடைசியில், பல்லுக் கிட்டிப்போயிருந்த வாயால், “காத்தை விடும்,” என்றாள்.

அவன் தண்ணீரைப் பூட்டிக் காத்தை விட்டான். தெளிப்பான்கள் விக்கின. தண்ணீர் கட்டி கட்டியாக வந்தது, பிறகு துளியாக வந்தது, பிறகு தரையெல்லாம் ஒரு வெள்ளைப் புகார் படர்ந்து முழங்கால் வரைக்கும் ஏறியது, குழாய் இருமியது, அடங்கியது, இருமியது. ஜெகசோதி பதினைந்து வருடமாக அந்த இருமலைக் கேட்கிறவன். புகார் மெலியத் தொடங்கின நேரத்தில் வந்த ஒரு இருமல் குழாயின் இருமல் அல்ல என்று அவனுக்குத்தான் முதலில் விளங்கியது, அவன் மெசினை நிறுத்தினான். எல்லாம் ஒரேயடியாக அமைதியாகியது. அமைதிக்குள் ஒரு மனிதர் இருமிக்கொண்டிருந்தார்.

பேரின்பநாதன் புல்லின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அரைக்கைச் சட்டையும் வேட்டியும் உடம்போடு ஒட்டியிருந்தன, உதடு நாவல் நிறத்தில் இருந்தது, பல்லடிக்கிற சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. முதலில் அசைந்தது டொனாட்டோ. தன்னுடைய அத்தி மரத்துக்கென்று வைத்திருந்த சாக்குத் துணியை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு, தானும் ஏறிக் குதித்து வந்து, மரத்தைச் சுற்றுகிற மாதிரியே காலிலிருந்து கழுத்து வரைக்கும் அவரைச் சுற்றினார். தம்பியும் ஜெகசோதியும் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். புவனமணியின் மனிசன் மணிக்கூட்டைப் பார்த்து, சூரன்போர் தொடங்கப்போகுது என்று மெல்லச் சொன்னார், சனம் தங்கள் தங்கள் கார்களில் ஏறியது. ஜெகசோதி பித்தளை வாயில் இருந்த சின்னத் திருகுகளைப் பாதி திறந்த நிலையில் சரித்து விட்டு, கராஜுக்குள் பெட்டியை அணைத்து, ஒரு கழுத்தும் முறியேல்லை அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்குள் அவள் அவருடைய ஈர உடுப்பை உரிந்து, தலையைத் துடைத்து, வீட்டில் இருந்த கம்பளியெல்லாவற்றையும் போர்த்தி, அடுப்படி மேசையில் இருத்தினாள். இஞ்சி போட்டு ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, சூட்டை முகத்தில் வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லக் குடித்தார். அவள் எதிரில் உட்காரவில்லை. தன்னுடைய ஈரச் சட்டையை மாற்றவும் இல்லை. கேத்தலின் பிடியில் கையை வைத்தபடி அவருடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீர் சொன்னது எனக்குக் கேட்டது,” என்றார் அவர்.

“எது? அண்டைக்குச் சொன்னதோ, இண்டைக்குச் சொன்னதோ?” என்றாள் அவள்.

அவர் கோப்பையின் அடியில் கிடந்த இஞ்சித் துண்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

“ரெண்டும்,” என்றார். பிறகு திரும்பிப் பார்க்காமலே கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் ஊற்றினாள்.